பகலில் பிரசங்கம், இரவில் கூத்து

கூத்துப் பார்க்கப் போகிறவன், திரை விலகுமுன் கதையின் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. அதற்காக அவர்கள் சீட்டு விற்கவில்லை. படித்தவர் சிலருக்கு மட்டும் அழைப்பு அனுப்பவில்லை. கோயிலுக்கு எதிரே பந்தலிட்டு, பட்டப்பகலில், வந்தவர் எல்லோரும் காசின்றிக் கேட்கும்படி பாரதப் பிரசங்கம் நடத்தினார்கள். பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் கண்டார்கள். ஆர்க்காட்டுச் சீமை முதல் தருமபுரி, சேலம் வரையில் திரௌபதி அம்மன் கோயில் கொண்டிருக்கும் ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு. 1997-ம் வருஷம் வரையில் ஒரே ஜில்லாவாயிருந்த நமது சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்வழக்கம் நம் கண்ணெதிரே தேய்ந்து வருகிறது. விழா நாட்களைச் சுருக்க வேண்டுமென்று ஊரார் கூடிப் பேசும்போது, முதலில் கத்தி விழுவது பிரசங்கத்தின் மேல்தான். இது சிறு விஷயமென்று நம் நேயர்கள் எண்ணலாகாது. பிரசங்கம் போனால் கூத்தும் போகும் என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.

ஐரோப்பியர் ‘ஆபரா’ என்று வழங்கும் சங்கீத நாடகம் நம் நாட்டில் இல்லாத ஒரு பொருள் என்று எண்ணும் பட்டதாரிகள் பலர். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஆங்கிலக் கல்வியினால் நாம் அடைந்த நன்மைகள் பல. நம் வீட்டுக் கொல்லையில் காய்த்திருப்பதை நம் கண்ணுக்குப் படாமல் செய்தது அதனால் வந்த தீமைகளில் ஒன்று. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துப் பிரபுக்களின் மாளிகையில் 1600-ம் வருஷத்தை ஒட்டிப் பிறந்த ஆபரா, 1637-ல் வெனிஸ் நகரில் சீட்டு வாங்கிப் பார்க்கும் பொது அரங்குக்கு வந்தது. அதில் கதை பாட்டாலேயே நடக்கிறது, நடிகரே பாடகர், வாத்தியங்கள் பாட்டைத் தாங்கி நிற்கின்றன. நம் கூத்து இதற்கு எந்த வகையில் குறைந்தது? கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து, முகத்தில் அரிதாரம் பூசி, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று ராஜா தன் வரவைத் தானே பாடுகிறான். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் அவனைத் தொடர்கின்றன. விருத்தத்தில் துக்கமும், தருவில் வாதமும், வசனத்தில் விளக்கமும் வருகின்றன. இரவு பத்து மணிக்குத் தொடங்கியது கிழக்கு வெளுக்கும் வரை நடக்கிறது. இதை ஆபரா என்றழைக்கச் சீமையின் அனுமதிச் சீட்டு எதுவும் நமக்குத் தேவையில்லை.

சென்ற இரண்டு பருவங்களில் நாம் கண்ட இரண்டு ஊர்களைப் பற்றிச் சொல்வது நமது கருத்தைத் தெளிவாக்கும். ஊர்ப் பெயர்களைச் சொல்லாமல் விடுகிறோம். யாரையும் குறை கூறுவது நமது நோக்கமன்று.

முதல் ஊர் திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ளது. பிற்பகல் மூன்று மணி வெயிலில், தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ், வெற்றிலை மடிக்கும் கிழவிகளும், களத்து வேலை முடித்துத் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்த குடியானவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுமாக ஒரு கூட்டம். பிரசங்கியாருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் வில்லிபாரதத்துச் செய்யுளை இராகத்தோடு பாடினார்; பிரசங்கியார் அதைப் பதம் பிரித்துப் பொருள் சொன்னார். கர்ணன் தன் பிறப்பின் உண்மையை அறியும் இடம் அன்றைய விஷயம். பெற்றவளே பிள்ளையிடம் யாசகம் கேட்டு வந்த நிலையை அவர் சொல்லி நிறுத்தியபோது பந்தலில் பேச்சில்லை. ஒரு கிழவி மட்டும், “அப்பவே வந்து எம்மவன்னு சொல்லியிருந்தா இத்தன சாவு உண்டா?” என்று உரக்கக் கேட்டாள். பிரசங்கியார் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. அதையே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அன்றிரவு கர்ணமோட்சம். மூன்று மணிக்கு மேல் கர்ணன் குருதி சொரிந்து விழுந்து கிடக்கும்போது, அந்தக் கிழவி முதல் வரிசையில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்தோம்.

இரண்டாவது ஊரில் அதே கூத்து. அதே போன்ற திறமைசாலிகளான நடிகர்கள். ஆனால் பிரசங்கத்துக்கு ஒதுக்கிய தொகையை முந்தின இரவு நடந்த சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குத் திருப்பிவிட்டார்கள். கூத்துக்கு வந்த வாலிபர்கள் குறைவில்லை. கர்ணனும் சல்லியனும் வாதமிடும் தரு தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேரோட்டுகிறவன் ஏன் தன் தலைவனையே இகழ்கிறான் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. நள்ளிரவுக்குள் பந்தல் பாதி காலியாயிற்று. மிஞ்சியவர்களை நிறுத்திவைக்கக் கோமாளி ஆபாச விகடத்தில் இறங்கினான். பிறகு ஒரு சினிமாப் பாட்டும் வந்தது. மறுநாள் காலையில் அவ்வூர்ப் பெரிய மனிதர் ஒருவர், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தில் ருசியில்லை, கூத்தாடிகளும் கெட்டுப்போனார்கள்” என்று நம்மிடம் வருத்தப்பட்டார். பிள்ளைகள்மீதும் குற்றமில்லை, கூத்தாடிகள்மீதும் குற்றமில்லை. பகலில் விதைக்காதவர்கள் இரவில் அறுக்கப் போனார்கள், வேறொன்றுமில்லை.

பிரசங்கம் என்ன செய்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். கூத்துக்காரன் கதையை ஆதியோடந்தமாகச் சொல்வதில்லை. ஓரிரவில் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறான்: வில்வளைப்பு ஒரு நாள், துகில் ஒரு நாள், அர்ச்சுனன் தபசு ஒரு நாள், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ணமோட்சம், பதினெட்டாம் போர் என்று இப்படி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் கிடக்கும் பள்ளத்தை நிரப்புவது பிரசங்கம். வில்லிபுத்தூராழ்வார் பத்துப் பருவங்களில், 4,300-க்கு மேற்பட்ட செய்யுட்களில் பாடிய பாரதத்தைப் பாமரனின் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. எழுத்தறியாத ஒரு தாய், சந்தக் கவிதையின் ஓசையையும் அதன் பொருளையும் ஒருங்கே பெறுவதற்கு இந்தப் பந்தலைத் தவிர வேறு கலாசாலை எது? திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்ததன் கருத்தை இந்தப் பந்தலில் உட்கார்ந்தால் அறியலாம்.

துகில் கூத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் நாம் காண்பது ஒரு பெண்ணின் அழுகையும் ஒரு கொடியவனின் கையும். பிரசங்கத்தில் கேட்பதோ அவள் சபையை நோக்கி எழுப்பிய வினா. தன்னையே பணயமாக வைத்துத் தோற்று அடிமையாகிவிட்ட ஒருவனுக்கு, அதன் பிறகு பிறிதொருவரைப் பணயமாக வைக்க உரிமை உண்டா? நாம் வக்கீல் தொழிலில் இத்தனை வருஷம் கேட்ட வாதங்களில் இதைவிடக் கூர்மையான சட்டப் பிரச்னையைக் கேட்டதில்லை. பீஷ்மரே திட்டமாக விடை சொல்ல முடியாமல் திகைத்த கேள்வி அது. இந்தக் கேள்வியைப் பகலில் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, இரவில் திரௌபதியின் விருத்தம் ஒரு நீதிமன்றத்தின் முன் நிற்கும் நிரபராதியின் வாதமாக விளங்குகிறது. கேளாதவனுக்கு அது அழுகை மட்டுந்தான். பாரதியார் 1912-ல் முதற்பாகம் வெளியிட்ட ‘பாஞ்சாலி சபத’த்தில் இந்தச் சபையைத்தானே தேசத்தின் சபையாக நமக்குக் காட்டினார்? அடிமைப்பட்டவர்களைக் குனிந்த தலையோடு பார்த்துக்கொண்டிருந்த பெரியோரின் மௌனத்தை அவர் சுட்டியபோது, அதன் பொருள் தமிழ்நாட்டுக்கு உடனே விளங்கியது. விளங்கும்படி செய்து வைத்தவர்களில் பெயர் தெரியாத பாரதப் பிரசங்கிகளும் உண்டு.

இந்தக் கைங்கரியத்துக்கு வயது சில நூறு அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில், பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளித்த செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறது. கூத்தாடுவோருக்கு விட்ட மானியத்தைக் ‘கூத்துக்காணி’ என்று சோழர் காலத்துச் சாஸனங்கள் குறிக்கின்றன. வாசிப்பவனுக்கும் நிலம், ஆடுபவனுக்கும் நிலம் என்று இரண்டையும் ராஜாங்கம் தாங்கிய நாடு இது. ராஜாக்கள் போன பிறகு, தலைக்கட்டு வரி போட்டு அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் ஏழைக் குடியானவர்கள். ஆயிரத்து முந்நூறு வருஷம் நின்ற ஒரு பொதுக்கல்வி, நம் தலைமுறையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா செலவுக்காக நிற்க வேண்டுமா என்பதே இப்பொழுது கேள்வி.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு உபயோகமாயிருக்கும். அவர்களைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக அன்று. நம்மிடம் இருப்பதன் மதிப்பை அப்படியாவது உணர்வோம் என்பதற்காக. லண்டன் நகரத்தில் ஹாண்டெல் இத்தாலிய மொழியில் சங்கீத நாடகங்கள் நடத்திய 18-ம் நூற்றாண்டிலேயே, பாட்டுக்களை இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு அச்சிட்டுச் சபையோருக்கு விற்றார்கள். 1983-ல் கனடா தேசத்து டொராண்டோ நகர ஆபரா கம்பெனியார், மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஒளியில் காட்டும் முறையைத் தொடங்கினார்கள். அது இன்று உலகெங்கும் பரவிவிட்டது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பல அரங்குகளில், நாடகம் தொடங்குவதற்கு முன்போ அதற்குச் சில நாள் முந்தியோ, விஷயம் அறிந்த ஒருவர் கதையையும் சங்கீதத்தையும் விளக்கிப் பேசுகிறார். நூல்நிலையங்களிலும் பொது மண்டபங்களிலும் இத்தகைய பிரசங்கங்கள் இலவசமாகவே நடப்பதுண்டு. கோடிக்கணக்கில் பணம் செலவழித்து அரங்கு கட்டியவர்களும், கேட்கிறவனைத் தயார் செய்யாமல் பாடுவது வீண் என்று கண்டிருக்கிறார்கள்.

இதில் நம் இருதயத்தைத் தொடும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்கச் சங்கீத வித்துவான் பிலிப் கிளாஸ் இயற்றிய ‘சத்தியாக்கிரகா’ என்னும் ஆபரா, 1980-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டமே அதன் கதை. டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் ஆகிய மூவர் அதன் மூன்று அங்கங்களுக்கும் சாட்சி புருஷர்களாக நிற்கிறார்கள். பாடும் சொற்கள் முழுவதும் பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். திரை எழுந்ததும் முதற்காட்சி குருக்ஷேத்திரம்! 2007-ல் லண்டனிலும் 2008-ல் நியூயார்க் மெட்ரபாலிடன் அரங்கிலும் இதைக் கண்டவர்களில் அந்தப் பாஷை அறிந்தோர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? முன்கூட்டிக் கதையைப் படித்தும் விளக்கவுரையைக் கேட்டும் வந்தாலன்றி அவர்களுக்கு அது விளங்காது. அர்ச்சுனன் யார், அவன் ஏன் வில்லைக் கீழே போட்டான் என்பதைக் கடல் கடந்த ஒரு ஜனசமூகம் ஆசையோடு கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தப் போராட்டத்தில் தென்னாப்பிரிக்கச் சிறையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் தமிழர். தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் உயிர் நீத்ததும் அதன் பயனாகவே. அந்தத் தமிழரின் பேரப்பிள்ளைகள், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது அது எதற்கென்று தெரியாமல் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். இதைவிடப் பரிதாபம் வேறுண்டா? காந்தியடிகளே சிறு வயதில் கண்ட அரிச்சந்திர நாடகம் தம் மனத்தைப் பற்றிக்கொண்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சத்தியாக்கிரகம் என்ற பெரும் விருக்ஷத்தின் வேர்களில் ஒன்று ஒரு நாடகக் கொட்டகையில் இருக்கிறது என்பதைத் தேசபக்தர்கள் மறக்கக்கூடாது.

நம் கூத்தையும் பிரசங்கத்தையும் ஊர் ஊராகச் சுற்றி, வெயிலில் உட்கார்ந்து கேட்டு, ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். 1990-ல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தமிழ்நாட்டுப் பாரதக் கூத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவர்களுக்கு நமது நன்றி உரியது. நம் ஜில்லாவிலும் கைகட்டி நில்லாதவர்கள் உண்டு. மேட்டூர் தாலுக்கா ஏர்வாடியிலிருந்து ‘மணல் வீடு’ என்னும் சிற்றிதழை நடத்தும் ஸ்ரீமான் மு. ஹரிகிருஷ்ணன், ‘களரி’ அமைப்பின் மூலம் கூத்துக் கலைஞர்களைக் கூட்டி விழா எடுத்துக் கௌரவித்து வந்திருப்பது போற்றத்தக்கது. ஆனால் ஒரு தனி மனிதரின் தோளில் ஒரு ஜில்லாவின் கடமையை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் பத்திரிகையில் படித்துப் பெருமூச்சு விடுவது அழகல்ல.

நமது அபிப்பிராயத்துக்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் எடுத்துக்கொள்வோம்.

“பாரதக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே, டெலிவிஷனில் பார்க்காதவர் யார்?” என்று கேட்கிறார்கள். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் ஓடியபோது தேசமே உட்கார்ந்து பார்த்தது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி சொன்னது ஒரு பாரதம். நம் ஊர்ப் பாரதம் வேறு. திரௌபதி அம்மன் கோயிலில் காவல் நிற்கும் போத்துராஜாவை அது அறியாது. 9-ம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் காலத்திலேயே தமிழில் காணப்படும் அரவான் களப்பலியின் உருக்கத்தை நம் கூத்தைப்போல் அது சொல்லாது. படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிக்கிறாளே, அந்தக் காலைப் பொழுதுக்கு மனத்தைத் தயார் செய்ய எந்தப் பெட்டியாலும் ஆகாது. அன்றியும் பெட்டியைப் பார்த்து ஒரு கிழவி கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் அது பதில் சொல்லாது.

“முன்பே கதையைச் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா?” என்பது மற்றோர் ஆட்சேபம். துப்பறியும் நாவலுக்கு அது பொருந்தும். கர்ணன் சாகப்போகிறான் என்பதைத் தெரிந்துகொள்ள எவனும் விடிய விடிய விழித்திருப்பதில்லை. சாகப்போகிறான் என்று தெரிந்திருப்பதனாலேயே அவனுடைய ஒவ்வொரு தருவும் நெஞ்சைப் பிளக்கிறது.

“இவையெல்லாம் பழைய புராணக் குப்பை, பகுத்தறிவுக் காலத்தில் எதற்கு?” என்று சில வாலிப நண்பர்கள் கேட்பார்கள். அவர்களோடு நமக்குப் பாதி ஒப்புதல் உண்டு. கேள்வி கேளாமல் கும்பிடுவதற்கு நாமும் விரோதி. ஆனால் கேள்வி கேட்க இடம் எது? ஏகலைவனின் கட்டை விரலை வாங்கியது நியாயமா, வில்வித்தை அரங்கில் கர்ணனின் குலத்தைக் கேட்டது நியாயமா, பெண்ணைச் சொத்தாக வைத்து ஆடியது நியாயமா என்று ஊரார் நடுவில் கேட்பதற்கு இந்தப் பந்தலைவிடச் சிறந்த இடமில்லை. பகுத்தறிவாளர்கள் பந்தலுக்கு வெளியே நின்று நகைப்பதைவிட, உள்ளே வந்து வினவுவது நாட்டுக்கு நன்மை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இலவசப் பிரசங்கம் என்று சொல்லிவிட்டோம். யாருக்கு இலவசம்? தலைக்கட்டு வரி கொடுத்தவனுக்குத்தான் விழாவில் பாத்தியதை என்று ஒரு விதி. சேரியாரிடம் வரியே வாங்குவதில்லை என்று மற்றொரு விதி. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், வாயால் தடுக்காமலே மனிதனை வெளியில் நிறுத்தும் தந்திரம் விளங்கும். காசு வாங்காமல் உள்ளே விடுவது தர்மம். உள்ளே விடக்கூடாது என்பதற்காகவே காசு வாங்காமல் இருப்பது அதர்மம். விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில், இதே திரௌபதி அம்மனின் கோயிலில் ஆதிதிராவிட மக்கள் நுழைவது பற்றி எழுந்த தகராறினால், 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலுக்கே முத்திரை வைக்க நேர்ந்தது. சபையில் அவமானப்பட்டவளைத் தெய்வமாக வைத்துக்கொண்டு, அவள் வாசலில் மனிதனை அவமானப்படுத்தும் இந்தக் காட்சியைக் கண்டு தலைகுனியாதவர் பாரதம் கேட்டவரல்லர்.

சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்தோம் என்று அரசியல் நிர்ணயச் சட்டத்தின் 17-வது ஷரத்து பிரகடனம் செய்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது; பந்தல்தான் தெளிவாக இல்லை. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனை நாடகமாகப் பாடினார். வாசலுக்கு வெளியே நின்ற ஒருவனின் கதையை வாசலுக்கு உள்ளே உட்கார்ந்தவர்கள் கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். கேட்டுவிட்டு எழுந்து போய் அதே வாசலைச் சாத்தினார்கள். அந்தப் பழி இனியும் தொடரக்கூடாது. பாரதப் பந்தலில் ஜாதிக்கோர் இடம், ஆணுக்கோர் உரிமை என்றிருக்குமானால், அந்தப் பந்தலைக் காப்பாற்றுங்கள் என்று எழுத நாம் பேனாவை எடுக்கமாட்டோம்.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் இவை. விழாக் கமிட்டியார் பிரசங்க நாட்களைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால் சுருக்கட்டும். ஆனால் கூத்து நடக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய கதையைப் பற்றி அன்று பிற்பகல் ஒரு பிரசங்கமாவது நடக்க வேண்டும். பிரசங்கியாருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் கூத்துக் கோஷ்டிக்குப்போலவே முன்கூட்டிப் பேசி மரியாதையான சம்பாவனை கொடுக்க வேண்டும்; விழா முடிந்தபின் மிஞ்சியதைக் கையில் திணிப்பது முறையல்ல. பிரசங்கியார் கிடைக்காத ஊரில் கூத்து வாத்தியாரே பேசட்டும். தரு எந்த இராகத்தில் வருகிறது, கிரீடத்துக்கும் கிரீடத்துக்கும் வித்தியாசம் என்ன, திரைக்குப் பின்னால் நின்று பாடுவது ஏன் என்று அவர் சொல்லக் கேட்பது எந்தப் பண்டிதர் பேச்சுக்கும் குறைந்ததன்று. உள்ளூர்ப் பள்ளித் தமிழாசிரியர் அன்றைய கதைச் சுருக்கத்தை ஒரே காகிதத்தில் எழுதி, பிள்ளைகள் கையில் கொடுத்து வீட்டுக்கு வீடு படிக்கச் செய்யட்டும்.

சேலம், நாமக்கல் பட்டணத்தார்க்கும் கடமை உண்டு. மலைக்கோட்டையடியில் நரசிம்மர் குடைவரைக்குப் போகிறவர்கள், இரணியனைக் கிழிக்கும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு அது கல்லென்று திரும்பிவிடுகிறார்கள். அதே இரணியன் சில மைல் தூரத்தில் உயிரோடு கர்ஜித்துப் பாடுவதை அவர்களுக்கு யார் சொல்வது? நூல்நிலையங்களும், கல்லூரித் தமிழ்த்துறைகளும், நம் வக்கீல் சங்கங்களுங்கூட, கூத்துப் பருவம் தொடங்குமுன் மாலை வேளையில் இத்தகைய பொதுப் பிரசங்கங்களை ஏற்பாடு செய்யலாம். செலவு ஒரு மண்டபமும் நாற்பது நாற்காலியுந்தான்.

தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் நம்மிடம் வந்து, சுதந்திரம் வந்துவிட்டது, இனி நாங்கள் என்ன செய்வது என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு இதோ ஒரு வேலை. வருகிற பங்குனி சித்திரையில் உங்கள் ஊரில் கூத்து நடக்குமானால், கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் முதலில் பிரசங்கத்துக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள். பந்தலுக்கு நான்கு பக்கமும் திறப்பு விடச் சொல்லுங்கள். சேரியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்து, நீங்கள் அவருக்குப் பின்னால் உட்காருங்கள். பிறகு இரவில் முகவீணை எழும்போது, பகலில் கேட்டது உங்கள் காதுக்குள் விடை சொல்லும். அந்த இரவு எவரும் பாதியில் எழுந்து போகமாட்டார் என்பது நமது நம்பிக்கை.